அம்மனுக்கு நோட்டீஸ் ஒட்டியவன்

என் முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலிடத்துக்கு அடிதடி நடக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் வீடு மாறி நுழைந்து, பஜ்ஜி தின்று, அந்த வீட்டுத் தாத்தாவுக்கு ஜாதகமும் காட்டிவிட்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதுதான் உச்சம் என்று பல வாசகர்கள் நினைத்துக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் திறமை தெரியாது.

நான் ஒரு தெய்வத்துக்கு அரசாங்க நோட்டீஸ் கொடுத்தவன்.

கொடுத்தவன் என்றால் தாம்பாளத்தில் வைத்து, பவ்வியமாக அல்ல. மைதா மாவில் பசை காய்ச்சி, டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், கோயில் கதவில் ஒட்டி, இரண்டு சாட்சிகளிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன். ஜில்லாவிலேயே இந்தப் பெருமை எனக்கு ஒருவனுக்குத்தான். போட்டிக்கு இன்றுவரை யாரும் வரவில்லை.

பசை டப்பாவோடு ஒரு காலை

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். எந்த வருஷம் என்று சொன்னால் என் வயதைக் கணக்குப் போடுவீர்கள், வேண்டாம்.

சதுரங்கப்பட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே ஒரு மீனவர் குப்பம். கடலோரச் சாலைக்கு மேற்கே கெங்கையம்மன் கோயில், கிழக்கே வீடுகள், அதற்கப்பால் கடல். கோயில் வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. பெரிய அண்டாவில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. கூழின் புளிப்பு வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடிக்க, நான் காலையில் நாஸ்தா சாப்பிடாமல் வந்த ஞாபகம் எனக்கு வந்தது.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் அப்போது புதுக் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வேலை நிரந்தரமாகவில்லை, பரீட்சார்த்த காலம். ஆனாலும் என் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டிருந்தாள். அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட, “தம்பி கவர்மெண்டா?” என்று கேட்ட பிறகுதான் காபித் தம்ளரைக் கையில் எடுத்தார்கள்.

என் பையில் இருந்த உத்தரவு இதுதான். வடக்கேயிருந்து ஒரு மிகப் பெரிய பதவிக்காரர் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, நண்பகலில் கடலோரச் சாலை வழியாகத் தெற்கே போகிறார். அன்று அந்தக் குப்பத்தில் அம்மன் சாலையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் நாள். ஆகவே திருவிழாவை வேறொரு தேதிக்கு ஒத்திவைக்க வேண்டியது.

ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். மீன் பங்கு தகராறிலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரைக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். நாட்டார் தேசப்பன் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு வலைக்கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார்.

“நாட்டார் நீங்கதானே? இதுல ஒரு கையெழுத்து” என்றேன்.

“போன வாரம் வரைக்கும் நாந்தான் சார்.”

“இப்ப யாரு?”

“அத்தோ, உள்ள குந்திகினு கீறா பாரு.”

எட்டிப் பார்த்தேன். உள்ளே அம்மனைத் தவிர யாரும் இல்லை.

நாட்டார் பதவி காலி

விஷயம் இதுதான். அந்தக் குப்பத்தில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் நாட்டார் தன் பூண் போட்ட கைத்தடியைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிடுவார். காப்பு அவிழ்க்கும்வரை பத்து நாளைக்கு அவர் வெறும் தேசப்பன். தீர்ப்பு கிடையாது, உத்தரவு கிடையாது. கட்டுமரம் கடலில் இறங்காது. யாராவது வழக்கு என்று வந்தால், “அவகிட்ட சொல்லிக்கோ” என்று கோயிலைக் காட்டிவிடுவார்கள். ஊரை ஆளுகிறவள் வருஷம் பூராவும் அவள்தான். மற்ற நாளில் பார்த்துக்கொள்ளத்தான் நாட்டார். அதை அவரும் மறக்கக் கூடாது, ஊரும் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பத்து நாள்.

இன்றைக்கு நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“அப்ப நான் இதை யாருகிட்ட குடுக்கறது?”

“அவகிட்டயே குடு” என்றார் பூசாரி ஏழுமலை. கரிய, ஒல்லியான மனிதர். தொண்டை மட்டும் கோயில் மணி மாதிரி.

“வாங்கிக்கணுமே!”

“கை நாலு கீதே சார், எதுனா ஒரு கையில சொருவேன்” என்றாள் கோவிந்தம்மாள். மீன் கூடையை மணலில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் அண்டாக் கூழே ஆடியது.

புத்தியுள்ளவன் அங்கேயே பஸ் ஏறியிருப்பான். எனக்கு ரோஷம் வந்தது. அந்த மாதம்தான் துறைத் தேர்வு எழுதித் தேறியிருந்தேன். பெறுநர் நேரில் வாங்காவிட்டால் அவர் வசிக்கும் இடத்தின் கதவில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. நான் அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்த ஒரே விதி.

படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். பெறுநர் பெயர்: கெங்கையம்மன்.

“தகப்பனார் பேரு?” என்று ஏழுமலையைக் கேட்டேன்.

அவர் தாடையைச் சொறிந்தார். “அது எங்க முப்பாட்டனுக்கே தெரியாதே சார்.”

‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

“தொழில்?”

“உன்ன மாதிரி ஆளுங்கள மேய்க்கிறதுதான், எழுதிக்கோ” என்றாள் கோவிந்தம்மாள்.

அதை எழுதவில்லை. ஒட்டினேன். தேசப்பனும் ஏழுமலையும் ஒரு குழந்தையை மகிழ்விப்பது போலக் கைநாட்டு வைத்தார்கள். பசைக் கையைத் துடைத்துக்கொள்ள வேப்பிலையும் கொடுத்தார்கள். கோவிந்தம்மாள் ஒரு சொம்பு கூழ் ஊற்றி, கூட ஒரு துண்டுக் கருவாடும் தந்தாள். குடித்துவிட்டு, கடமையைச் செய்த கம்பீரத்தோடு பஸ் ஏறினேன். வழியில் திருக்கழுக்குன்றத்தில் கழுகுகள் நைவேத்தியம் சாப்பிட நேரம் தவறாமல் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஆபீசில் அப்படி நேரத்துக்கு வந்தவர் யாரும் கிடையாது, நான் உள்பட.

பச்சை மை

எங்கள் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர். அந்தப் பேனா மேஜைமேல் படுத்திருந்தாலே நாங்கள் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவோம். என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“பெறுநர்... அம்மனா?”

“ஆமா சார். ரூல் படி.”

“உன்னை ரூல் படிக்கச் சொன்னதே தப்புய்யா!”

பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் அது எழுதுவதைவிட ஆபத்து.

“ஞாயித்துக்கிழமை நீயே போய் ரோட்டுல நில்லு. கார் எல்லாம் போய் முடியற வரைக்கும் சப்பரம் ரோட்டுல கால் வைக்கக் கூடாது. வச்சுதுன்னா, திங்கக்கிழமை நீ ஆபீசுக்கு வர வேண்டாம்.”

அந்தக் காலத்தில் ‘வர வேண்டாம்’ என்பதற்கு மேல்முறையீடு கிடையாது. பெரிய பதவிகளின் பெயரை மெல்லத்தான் உச்சரிப்போம். டீக்கடையில்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். எனக்கு மேலே ஆபீசர், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் என்று ஏணி போய்க்கொண்டே இருந்தது. அதன் உச்சிப்படியில் நிற்கிறவர்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஏணி என்றால் அதைச் சாய்த்து வைக்க ஒரு சுவர் வேண்டுமே, அது எது என்று நான் யோசித்ததே இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. அம்மா அக்காவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு ராஜாக்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன். பத்திரிகையில் இடம் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய்ச் சதுரங்கப்பட்டினத்தில் இறங்கியபோது மணி எட்டுகூட ஆகவில்லை. பயத்தில் கால் நிற்கவில்லை. டச்சுக்காரர் கோட்டைக்குள் போய் உலாத்தினேன். உள்ளே பெரிய கல்லறைகள். கல்லில் பூவும் கொடியும் கேடயமும் செதுக்கி, கீழே நீள நீளமாக எழுத்து. யாரோ பெரிய துரைகளாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை எழுத்து ஏன்? ஒரு துரையின்மேல் வெள்ளாடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் போனதும் என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. துரைக்கே எழுந்திருக்காத ஆடு எனக்கா எழுந்திருக்கும்?

மாமல்லபுரத்திலும் ஒரு ராஜா உண்டு. குகைக் கோயில் ஒன்றில் தன் ராணிகளோடு நிற்கிறார். மலையையே குடைந்தவர், தன்னை எங்கே வேண்டுமானாலும் செதுக்கிக்கொண்டிருக்கலாம். ஓரத்துச் சுவரில் நிற்கிறார். நடுவிடத்தைச் சாமிக்கு விட்டுவிட்டார். அந்த ராஜாவுக்கு இருந்த புத்தி, பசை டப்பா தூக்கிய எனக்கு இல்லை.

சரி, ரோட்டுக்கு வருகிறேன்.

தோளு!

உச்சி வேளை. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நின்றேன். துணைக்கு ஒரு போலீஸ்காரர். கோயில் பக்கம் பம்பைச் சத்தம் கேட்டதும் அவர் பூட்ஸைக் கழற்றிப் புளியமரத்தடியில் வைத்துவிட்டார்.

“என்ன சார் இது?” என்றேன்.

“நீங்க உங்க டூட்டியப் பாருங்க சார். நான் என் டூட்டிய வெறுங்காலோட பாக்கறேன்.”

சப்பரம் வந்தது. நீளமான இரண்டு தண்டுகள், முன்னும் பின்னுமாகப் பதினாறு தோள்கள். நடுவில் மஞ்சள் புடவையில் கெங்கையம்மன். கோயிலில் தூக்கினால் கடலில்தான் இறக்குவார்கள். நடுவே தரையில் படக் கூடாது. அதனால் ஒரு வழக்கம்: தூக்குகிறவன் தளர்ந்தால் பூசாரி “தோளு!” என்று கத்துவார். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தோள் கொடுக்க வேண்டும். சொந்தக்காரன், பகையாளி, வெளியூர்க்காரன் என்ற பேச்சே கிடையாது. அவள் கேட்டால் மறுக்கக் கூடாது.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கையை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“நவுரு சார், அவ வந்துகினு கீறா” என்றார் ஏழுமலை. கோபமே இல்லாமல், மழை வருகிறது ஒதுங்கு என்பது போல.

“கவர்மெண்ட் ஆர்டர்! கதவுல ஒட்டியிருக்கேனே!”

“படிச்சிட்டா நைனா, படிச்சிட்டுத்தான் வர்றா!” என்றாள் கோவிந்தம்மாள் குடத்தோடு பின்னாலிருந்து.

சப்பரம் சாலையில் ஏறியது. என் வேலை போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது. அதே நேரம், முன் தண்டில் இருந்த ஒருவன் உருகிய தாரில் கால் வைத்து, “ஐயோ!” என்று மடிந்தான். தண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மன் சாய்ந்தாள். பெண்கள் அலறினார்கள்.

“தோளு!”

பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுதினால் பொய். குச்சியைப் போட்டேன், செருப்பை உதறினேன், சிவப்புத் துணியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு தண்டுக்கடியில் நுழைந்தேன். நிமிர்ந்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. அப்பா, அந்தக் கனம்! எலும்பு வரைக்கும் இறங்கியது. உள்ளங்கால் அப்பளம் மாதிரி பொரிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்காகக் குலவை போட்டது அதுதான் முதல் தடவை. என் கல்யாணத்தில்கூட யாரும் போடவில்லை.

வடக்கே ஹாரன் கேட்டது.

அவள் திரும்பினாள்

வழியில் எதிர்ப்படுகிறவர்கள் பக்கம் அம்மனின் முகத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். வருகிறவர்களை அவள் பார்க்க வேண்டும், பூசாரி அவர்கள் பெயரை அவளுக்குக் கூவிச் சொல்ல வேண்டும். மாட்டு வண்டியானாலும் சரி, சற்று முன் கோயில் வாசலில் சைக்கிளோடு எதிர்ப்பட்ட ஐஸ்காரனானாலும் சரி. ஏழுமலை கையைச் சுழற்றினார். பதினாறு பேரும் சுற்றித் திரும்பினோம். சாலை நடுவில், வடக்கே பார்த்து, அத்தனை பெரிய கார்களுக்கும் எதிரே அவள் நின்றாள்.

கார்கள் நின்றன. முதல் ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வந்தவர் எங்கள் ஆபீசர்.

“எவன்யா ரோட்டுல... நீயா? அடப்பாவி! நிறுத்தச் சொன்னா தூக்கிக்கிட்டு நிக்கிறியா?”

“கீழ வைக்கக் கூடாதாம் சார்” என்றேன். மூச்சு விட்டதே அதிசயம்.

“வெளிய வாய்யா!” என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் ஓரடி தள்ளாடினேன். தண்டு மறுபடி தாழ்ந்தது.

“தோளு!” என்றார் ஏழுமலை, ஆபீசரைப் பார்த்து.

இதை என் கண்ணால் பார்த்ததால் எழுதுகிறேன். ஆபீசர் என் கையை விட்டார். ஷூவை ஒன்றோடொன்று தேய்த்து உதறினார். குனிந்து, எனக்கு முன்னால் தண்டுக்கடியில் நுழைந்து, ஒரு ‘ஹம்’ போட்டு நிமிர்ந்தார். பழகிய தோள். எங்கே நுழைய வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. எந்த ஊரில், எந்த வயதில் பழகியது என்று நான் கேட்டதில்லை. சட்டைப்பையிலிருந்த பேனா நசுங்கி, அவர் மார்பில் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது.

நடுக் காரின் கதவு திறந்தது.

பம்பை நின்றுவிட்டது. உச்சிப்படி மனிதர் இறங்கினார். வயதானவர், போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம். எங்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கூட வந்தவர்கள் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் வெறுங்காலோடு நடந்து வந்தார்.

ஏழுமலை குங்குமத் தட்டோடு போனார். “பேரு இன்னா?”

மொழிபெயர்க்க வந்தவர் முந்திக்கொண்டு பெரியவரின் பதவியைச் சொல்ல ஆரம்பித்தார். அது நீளமான பதவி.

“அத்தெல்லாம் அவளுக்கு எதுக்கு? பெத்தவங்க வெச்ச பேரு சொல்லு.”

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கத் திரும்பினார். ஆனால் பெரியவருக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தன் பெயரை, வெறும் பெயரை, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி மெல்லச் சொன்னார். முன்னும் பின்னும் எதுவும் சேர்க்கவில்லை. ஏழுமலை திரும்பி, கடற்கரை முழுக்கக் கேட்கிற தொண்டையில், “கெங்கம்மா! உன் புள்ள வந்து நிக்கிறான், பாத்துக்கோ!” என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார். சற்று முன் ஐஸ்காரனுக்குக் கூவிய அதே கூவல்தான். ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவளுக்குத் தெரியும், போதும்.

பெரியவர் தலையைக் குனிந்தார். நெற்றியில் குங்குமம் ஏறியது.

“காலு சுடுமே கண்ணு” என்று கோவிந்தம்மாள் குடத்து மஞ்சள் தண்ணீரை அவர் பாதத்தில் ஊற்றினாள். மிச்சத்தை ஆபீசர் காலிலும் என் காலிலும் ஊற்றினாள். அந்தக் குளிர்ச்சி இந்த வயதிலும் என் காலில் இருக்கிறது.

அவள் கிழக்கே திரும்பினாள். பம்பை முழங்கியது. கார்கள் எல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஒரு ஹாரன் இல்லை. நாங்கள் வீடுகளுக்கு நடுவே, வலைகளைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய ஓடினோம். ஆமாம், ஓடினோம்! கனம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதல் அலை முழங்காலில் அடித்தது, இரண்டாவது மார்பில். ஆபீசர் எனக்கு முன்னால், “கெங்கம்மா! கெங்கம்மா!” என்று கத்திக்கொண்டிருந்தார். நானும் கத்தினேன். அதுவரைக்கும் சாமி என்றால் பரீட்சைக்கு முன்னால் கும்பிடுகிற ஏற்பாடு எனக்கு. அன்று கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது, அந்த ஏணி மொத்தமும் எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று. அழுதேன் என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். முகம் பூராவும் உப்புத் தண்ணீர் என்று எழுதிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை

‘வர வேண்டாம்’ என்ற உத்தரவு இருந்ததால், வரலாமா என்று கேட்பதற்காக ஆபீசுக்கு வந்தேன்.

ஆபீசர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது தோள் வீங்கியிருந்தது. என்னுடையதும் அப்படித்தான், கதவைத் திறக்கக்கூட வலது கைதான். மேஜைமேல் புதுப் பேனா. அதன் பக்கத்தில் மேலிடத்திலிருந்து வந்த ஒரு காகிதம்: பெரியவரின் காரை நடுச்சாலையில் நிறுத்திய ஊழியரிடம் எழுத்துமூலம் விளக்கம் பெற்று அனுப்பவும்.

அவர் அதை என் பக்கம் தள்ளினார். நானும் படித்தேன். 

“சார், நான் வேலைக்கு வரலாமா, இல்ல விளக்கத்தை எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடட்டுமா?” என்றேன்.

“ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்து எழுதுய்யா” என்றார்.